முடியை நிமிர்த்தும் குட்டித் தசையும் ஒரு சின்னக் கட்டியும்



கையை மடக்க நினைத்தால் கை மடங்குகிறது. காலைத் தூக்க நினைத்தால் கால் எழுகிறது. இப்போது உங்கள் கையிலுள்ள மெல்லிய முடிகளைப் பார்த்து, “எழுந்து நில்லுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் ஒன்றுகூட அசையாது. ஆனால் மார்கழி விடியலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே வந்தால், யாரும் சொல்லாமலே அத்தனை முடியும் நிமிர்ந்துகொள்ளும். தோலெங்கும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழும்பும். புல்லரிக்கிறது, சிலிர்க்கிறது என்று இதைத்தான் சொல்கிறோம்.

முடிகளை நிமிர்த்துவது தோலுக்குள் இருக்கும் மிகச் சிறிய தசைகள். அந்தத் தசைகளில் எங்கோ ஒருவருக்கு, அரிதாக, சின்னஞ்சிறு கட்டி ஒன்று வளர்வதுண்டு. சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீரென்று வலிக்கும். இத்தனை சிறிய கட்டி ஏன் இப்படி வலிக்கிறது, எதனால் வளர்கிறது என்று கேட்டுக்கொண்டே போன மருத்துவர்கள், கடைசியில் நம் செல்கள் உயிர்வாழச் செய்யும் முக்கியமான வேலை ஒன்றில் போய் நின்றார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

மூன்று வகைத் தசைகள்

நம் உடம்பில் மூன்று வகைத் தசைகள் இருக்கின்றன. எலும்போடு ஒட்டியிருப்பது எலும்புத் தசை. நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்குக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். பந்து எறிவது, எழுதுவது, ஓடுவது எல்லாம் இதன் வேலை. நாம் சொன்னபடி கேட்கும். இரண்டாவது இதயத் தசை. இதிலும் வரிகள் உண்டு, ஆனால் நம் கட்டளைக்குக் காத்திராமல் தானே துடிக்கும்.

மூன்றாவதுதான் இன்றைய கதாநாயகன்: மென்தசை. இதில் வரிகள் இல்லை. இதன் செல்கள் நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஓர் உட்கரு இருக்கும். இதுவும் நம் கட்டளைக்கு அசையாது. சாப்பிட்ட இட்லியைக் குடலில் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போவது மென்தசை. ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிப்பதும் மென்தசைதான். இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததும் கண்ணின் கருமணி சுருங்குகிறதே, அதுவும் இதன் வேலை. வாழ்நாள் முழுக்க இரவும் பகலும் நமக்காக உழைக்கும் இந்தத் தசையை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

முடிக்கு ஒரு தசை

நம் தோலில் ஏறக்குறைய 50 லட்சம் முடிக்குழிகள் இருக்கின்றன. முடி ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் ஒரு குழியிலிருந்து சாய்வாக வளர்கிறது. அந்தக் குழியின் பக்கத்திலிருந்து தோலின் மேற்பகுதி வரைக்கும் மென்தசைக் கற்றை ஒன்று போகிறது. அது சுருங்கும்போது முடிக்குழியை இழுத்து நிமிர்த்துகிறது. சாய்ந்திருந்த முடி நேராகிறது, அதைச் சுற்றியுள்ள தோல் சற்றே புடைக்கிறது. புல்லரிக்கும்போது தெரியும் புள்ளிகள் இப்படித்தான் எழும்புகின்றன.

இந்தத் தசைக்கு ஆணை எங்கிருந்து வருகிறது? தோலில் குளிர் படுவதை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்வது அதுதான். அது பரிவு நரம்புகள் என்னும் நரம்புகள் வழியாகச் செய்தி அனுப்புகிறது. அந்த நரம்பின் நுனியில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது பட்டதும் முடித் தசை சுருங்குகிறது. பயம் வந்தாலும், கோபம் வந்தாலும், மனதை உருக்கும் பாட்டு ஒன்றைக் கேட்டாலும் இதே நரம்புகள்தான் விழித்துக்கொள்கின்றன. நாதஸ்வரம் கேட்டுச் சிலிர்ப்பதும் ஐஸ் தண்ணீரில் சிலிர்ப்பதும் ஒரே தசையின் வேலை.

செய்து பாருங்கள்

குளித்து முடித்த ஈரத்தோடு மின்விசிறிக்குக் கீழே நில்லுங்கள். முன்கையை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். புடைத்திருக்கும் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு முடி நிற்பது தெரியும். பிறகு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள். அங்கே ஒரு புள்ளிகூட இருக்காது. ஏன்? அங்கே முடிக்குழிகளே இல்லை. ஆகவே நிமிர்த்தும் தசையும் இல்லை. பார்த்ததை ஒரு நோட்டில் படமாக வரைந்து வையுங்கள்.

நமக்கு எதற்கு இந்தத் தசை?

பூனையை நாய் துரத்தும்போது கவனித்திருக்கிறீர்களா? முதுகு வளைந்து, முடியெல்லாம் விறைத்து, பூனை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். எதிரியை மிரட்ட அதற்கு இந்தத் தசை உதவுகிறது. முள்ளம்பன்றியின் முட்கள் உண்மையில் தடித்துப்போன முடிகள்தான். ஆபத்து வந்தால் தோலின் தசைகள் அவற்றை நிமிர்த்துகின்றன. (அது முட்களை எய்யும் என்று சொல்வது சரியல்ல. எதிரியின் மேல் குத்திக் கழன்றுவிடும், அவ்வளவுதான்.) விலங்குகளின் முடி நிமிரும் விதத்தை சார்லஸ் டார்வின் நெடுங்காலம் கவனித்து, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி 1872-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார்.

அடர்ந்த முடியுள்ள விலங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. முடி நிமிர்ந்தால் முடிகளுக்கு நடுவே காற்று தங்கும். காற்று எளிதில் வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே உடம்புச் சூடு வெளியே போகாது. மனிதர்களுக்கு உடம்பு முடி மெலிந்துவிட்டதால் இந்தப் பயன் பெரும்பாலும் போய்விட்டது.

அப்படியானால் நம்மிடம் இது வேண்டாத மிச்சமா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யா-சீ ஷூவும், தைவானைச் சேர்ந்த சுங்-ஜான் லின்னும், அவர்களுடைய குழுவினரும் எலிகளின் தோலை ஆராய்ந்தார்கள். புதிய முடியை வளர்க்கும் மூல செல்கள் முடிக்குழியில் இருக்கின்றன. பரிவு நரம்பு அந்தச் செல்களையும் நேரடியாகத் தொடுகிறது; நரம்பை அங்கே நிலைநிறுத்துவது இந்தக் குட்டித் தசை. தசையை நீக்கியதும் நரம்பு பின்வாங்கிவிட்டது. குளிர் நீடித்தால் நரம்பு மூல செல்களைத் தூண்டி, புது முடியை வளரச் செய்கிறது. இப்போதைய குளிருக்கு முடி நிமிர்கிறது, வரப்போகும் குளிருக்கு முடி வளர்கிறது. இரண்டுக்கும் ஒரே தசை துணை!

கட்டி வரும்போது

உடம்பில் செல்கள் பிரிவதும் நிற்பதும் கட்டுப்பாட்டோடு நடக்கும். எங்கோ ஓரிடத்தில் கட்டுப்பாடு தவறி, செல்கள் தேவையில்லாமல் பெருகினால் கட்டி உண்டாகிறது. கட்டி என்றாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். கட்டிகளில் பல தீங்கற்றவை. அவை இருக்கும் இடத்திலேயே இருக்கும்; பக்கத்துத் திசுக்களை அரித்துக்கொண்டு போகாது; ரத்தத்தில் கலந்து வேறு உறுப்புக்குப் பரவாது.

மென்தசையில் வளரும் தீங்கற்ற கட்டிக்கு லியோமயோமா என்று பெயர். பெண்களின் கருப்பையில் இது அடிக்கடி வரும். பெரியவர்கள் ‘ஃபைப்ராய்டு கட்டி’ என்று பேசிக்கொள்வது இதைத்தான். ஆனால் தோலில் வருவது அரிது. தோல் லியோமயோமாவை முதன்முதலில் 1854-இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ. ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது, நோயைச் செல்லுக்குள் தேட வேண்டும் என்று மருத்துவ உலகுக்கு அழுத்தமாகச் சொன்னவர் அவர்தான்.

முடி நிமிர்த்தும் தசையில் வளர்வது ஒரு வகை. அதன் பெயர் பைலோலியோமயோமா. பெரும்பாலும் வயதுவந்தவர்களுக்கு, தோள், முதுகு, கை, கால், முகம் ஆகிய இடங்களில் செம்பழுப்பு நிறத்தில் கெட்டியான சிறு முடிச்சாக எழும்பும். சில மில்லிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை இருக்கும். சிலருக்கு ஒன்று, சிலருக்கு ஒரே இடத்தில் கூட்டமாகப் பல. தோலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்ச் சுவரின் மென்தசையில் வளர்வது இன்னொரு வகை, ஆஞ்சியோலியோமயோமா. இது பெரும்பாலும் நடுவயதுப் பெண்களின் காலில், தனியொரு கட்டியாக வரும்.

ஏன் வலிக்கிறது?

தோலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் பெரும்பாலானவை வலிப்பதில்லை. வலிக்கும் ஒருசில கட்டிகளில் லியோமயோமாவும் ஒன்று. எப்போதெல்லாம் வலிக்கிறது என்று நோயாளிகள் சொல்வதைக் கேளுங்கள்: குளிர்ந்த நீர் பட்டால், குளிர்காற்று அடித்தால், எதன்மேலாவது அழுந்தினால், சில சமயம் மனம் பதறினால்.

இந்தப் பட்டியலை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? குளிரும் மனப் பதற்றமும் நமக்குச் சிலிர்ப்பை உண்டாக்குகிற அதே காரணங்கள்! கட்டியாக மாறினாலும் அந்தச் செல்கள் தசையின் குணத்தை மறக்கவில்லை. நரம்பிலிருந்து செய்தி வந்ததும் சுருங்குகின்றன. இழைகள் பெருகிக் கிடக்கும் கட்டி மொத்தமாக இறுகும்போது, நடுவே ஓடும் நுண்ணிய நரம்புகள் நெருக்கப்படுகின்றன. தசையின் இறுக்கமும் நரம்பின் நெருக்கமும்தான் வலிக்குக் காரணம் என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள்.

நுண்ணோக்கி சொல்லும் சாட்சி

கண்ணால் பார்த்து மட்டும் இது இன்ன கட்டி என்று உறுதி செய்ய முடியாது. மருத்துவர் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். இதற்குப் பயாப்ஸி என்று பெயர். அந்தத் துண்டை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றுவார்கள். செல்லின் உட்கருவை ஊதாநீலமாகக் காட்டும் ஹெமடாக்சிலின் சாயம், மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் ஒரு மரத்தின் வைரப்பகுதியிலிருந்து கிடைப்பது. மரச் சாயம் மனித நோயைக் காட்டிக்கொடுக்கிறது!

நுண்ணோக்கியில் நீண்ட தசைச் செல்கள் கற்றை கற்றையாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடப்பது தெரியும். உட்கருக்கள் நீளமாக, முனை மழுங்கியிருக்கும். இது தசையா, நார்த்திசுவா என்ற சந்தேகம் வந்தால் மாசோன் சாயத்தைப் பயன்படுத்துவார்கள். பியர் மாசோன் என்ற மருத்துவர் உருவாக்கிய அந்தச் சாயத்தில் தசை சிவப்பாகவும் நார்ப்பொருள் நீலமாகவும் தெரியும். சிவப்பு நிறைந்திருந்தால், கட்டி தசையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஒரே குடும்பத்தில் பலருக்கு

தனியாக ஒரே ஒரு கட்டி வருவது பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. ஆனால் பல கட்டிகள் உள்ளவர்களை விசாரித்தபோது, அவர்களுடைய குடும்பத்தில் வேறு சிலருக்கும் அவை இருப்பது தெரியவந்தது. 1973-இல் ரீட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், தோலிலும் கருப்பையிலும் லியோமயோமாக்கள் பரம்பரையாக வந்த குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். 2001-இல் பின்லாந்தில் லௌரி ஆல்டோனெனின் ஆய்வுக் குழு, அத்தகைய குடும்பங்களில் சிலருக்குச் சிறுநீரகப் புற்றுநோயும் வருவதைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டே, 2002-இல், காரணமான மரபணு பிடிபட்டது. அது முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. ஃபியூமரேஸ் என்ற நொதியைச் செய்யும் குறிப்பு அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆய்வாளர்கள் திகைத்தார்கள். காரணம், ஃபியூமரேஸ் எங்கோ தோலில் மட்டும் வேலை செய்யும் நொதி அல்ல. நாம் சாப்பிடும் உணவிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் ஆற்றல் எடுக்கும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. அந்த வேலையின் முக்கியமான ஒரு கட்டத்துக்குக் கிரெப்ஸ் சுழற்சி என்று பெயர். ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் கிரெப்ஸ் யூதர் என்பதால், 1933-இல் நாஜி அரசு அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் இங்கிலாந்துக்குப் போய், ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் புறாவின் நெஞ்சுத் தசையை வைத்து ஆய்வு செய்து, 1937-இல் இந்தச் சுழற்சியைக் கண்டறிந்தார். அந்தக் கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் அப்போது ஏற்கவில்லை. 1953-இல் அதே கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு வந்தது.

எட்டுப் பேரும் செங்கல்லும்

வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கிரெப்ஸ் சுழற்சியிலும் எட்டு நொதிகள் அப்படித்தான் ஒரு வட்டமாக வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் முன்னே இருப்பதிடமிருந்து ஒரு பொருளை வாங்கி, சற்றே மாற்றி, அடுத்ததிடம் கொடுக்கிறது. ஏழாவது இடத்தில் இருப்பது ஃபியூமரேஸ். ஃபியூமரேட் என்ற பொருளை வாங்கி மாலேட் ஆக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஏழாவது ஆள் வரவில்லை என்றால் என்ன ஆகும்? ஆறாவது ஆளின் காலடியில் செங்கல் குவியும். மரபணுவின் பிழையால் ஃபியூமரேஸ் வேலை செய்யாதபோது, செல்லுக்குள்ளும் ஃபியூமரேட் குவிகிறது.

குவிந்த ஃபியூமரேட் ஒரு தவறான செய்திக்கு வழி செய்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் செல்லில் சேர வேண்டிய ஹிஃப் என்ற புரதம் ஒன்று உண்டு. மற்ற நேரங்களில் செல் அதை உடனுக்குடன் அழித்துவிடும். ஃபியூமரேட் குவிந்தால் அந்த அழிக்கும் வேலை தடைப்படுகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும், ஆக்சிஜன் இல்லை என்று செல் நம்பிவிடுகிறது. பிழைத்துக்கொள்ளவும் வளரவும் உதவும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கட்டி வளர இது ஒரு முக்கியக் காரணம். செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மரபணுப் பிழையோடு பிறந்தவருக்கு ஏன் உடம்பு முழுதும் கட்டி வருவதில்லை? பெரும்பாலான மரபணுக்களில் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். எங்கோ ஒரு செல்லில் நல்ல பிரதியும் கெட்டுப்போனால் அந்தச் செல்லிலிருந்துதான் கட்டி தொடங்குகிறது. ‘இரண்டு அடி’ என்ற இந்த விளக்கத்தை 1971-இல் தந்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன். குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை, 48 நோயாளிகளின் விவரங்களை வைத்துக் கணக்கிட்டே அவர் இந்த முடிவுக்கு வந்தார்.

மருந்து எது?

கட்டி ஒன்றோ இரண்டோ என்றால் சின்ன அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். நிறைய இருந்தால் எல்லாவற்றையும் வெட்டி எடுக்க முடியாது. அப்போது வலியைக் குறைக்க மருத்துவர்கள் தரும் மருந்துகளில் ஒன்று நிஃபெடிபின். இது ரத்த அழுத்தத்துக்குத் தரும் மாத்திரை! தோல் கட்டிக்கு எப்படி உதவும்? மென்தசை சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். நிஃபெடிபின் கால்சியம் நுழையும் வழியை மறிக்கிறது. ரத்தக் குழாயின் தசை தளர்ந்தால் அழுத்தம் குறைகிறது. கட்டியின் தசை தளர்ந்தால் வலி குறைகிறது. ஒரு தசையின் இயல்பு தெரிந்தால் இரண்டு நோய்க்கு வழி கிடைக்கிறது.

மரபுப் பிழை உள்ள குடும்பத்தினரை மருத்துவர்கள் ஆண்டுதோறும் வரச் சொல்லி, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகத்தைக் கவனிக்கிறார்கள். புற்றுநோய் வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் காப்பாற்ற முடியும். தோலில் தெரியும் சின்ன முடிச்சுகள் அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகின்றன. மருத்துவர் அதைக் கவனித்துக் கேள்வி கேட்டால், ஓர் உயிர் பிழைக்கிறது.

உங்களிடம் மூன்று வார்த்தை

உங்கள் தோலில் புதிதாக ஏதாவது முடிச்சு வந்தால் கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது பருவோ கொசுக்கடியோ வேறு சாதாரணக் கட்டியோதான் இருக்கும். நாட்கணக்கில் போகாமல் வலித்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தோலில் முடிச்சுகள் உள்ள ஒருவரைப் பார்த்தால் விலகிப் போகாதீர்கள். லியோமயோமா தொற்றுநோய் அல்ல. தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது. தைரியமாகத் தோளில் கைபோடலாம். ஆனால் அழுத்தினால் அவருக்கு வலிக்கும் என்பதால், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், “இத்தூண்டு கட்டிக்கா இவ்வளவு வலி?” என்று சிரிக்காதீர்கள். வலியின் அளவைக் கட்டியின் அளவு சொல்லாது. நோயாளி சொன்னதை நம்பி, ஏன் என்று கேட்டவர்களால்தான் இத்தனை உண்மைகளும் நமக்குத் தெரியவந்தன. நீங்களும் நம்புங்கள், நீங்களும் ஏன் என்று கேளுங்கள்.